12 சதவீதம் குரோமியம் இருந்தும் கத்தி ஏன் துருப்பிடிக்கிறது?

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் படத்தோடு கேட்டிருக்கிறார்: "அண்ணே, மாமா துபாய்ல இருந்து ஒரு மடக்குப் பிச்சாத்தி கொண்டு வந்தாரு. பிளேடுல டி2-ன்னு போட்டிருக்கு. நெட்ல பார்த்தா அதுல 12 சதவீதம் குரோமியம்னு இருக்கு. ரெண்டு வாரம் வள்ளத்துல கிடந்துச்சு, பழுப்புப் புள்ளியா விழுந்து போச்சு. டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் என்று சொல்ல இந்தப் புள்ளிகள் போதாது. டி2 என்பது கத்தி செய்யும் ஓர் எஃகு வகை; அசல் டி2-வும் கடல் உப்பில் இப்படித்தான் ஆகும். மாமாவைக் கோபிக்க வேண்டாம்.

எஃகு கடினமாவது எப்படி என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரும்பைப் பழுக்கக் காய்ச்சினால் அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் உள்ளே கரைகிறது. சட்டென்று குளிர வைத்தால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. உள்ளேயே சிக்கி அடுக்கை முறுக்கி இறுக்குகிறது. இதற்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அப்படியே விட்டால் தட்டியதும் உடையும் என்பதால், மறுபடி கொஞ்சம் சூடுகாட்டித் தணிக்கிறார்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் நம் ஊர்க் கொல்லர் வெட்டுக்கத்தி அடித்துத் தோய்ச்சல் போடுவதும் இதே வேலைதான். கடினத்தை அளப்பது ராக்வெல் சோதனை. வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் 0.002 மில்லிமீட்டர் ஆழம். நல்ல மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 58-லிருந்து 64 வரை இருக்கும்.

சரி, துருவுக்கு வருவோம். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகில் 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன் இருந்தன. அது துருப்பிடிக்கவில்லை. ஆனால் அந்த எஃகில் செய்த முதல் கத்திகள் சரியாக வெட்டவில்லை என்று ஊரே கிண்டல் செய்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் படிகிறது. கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். இந்தப் படலத்துக்கு எமன் உப்பிலுள்ள குளோரைடுதான். பலவீனமான ஓர் இடத்தில் அது நுழைந்துவிட்டால் சிறு குழி விழும். குழிக்குள் ஆக்சிஜன் குறையும், அங்குள்ள ஈரம் அமிலமாகும், அமிலம் இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கும். அதனால்தான் பரவலாகத் துரு ஏறாமல் புள்ளி புள்ளியாக விழுகிறது.

அப்படியானால் 12 சதவீதம் குரோமியம் என்ன செய்துகொண்டிருந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குரோமியம் ஆக்சிஜனோடு மட்டும் நிற்பதில்லை. பக்கத்தில் கார்பன் அதிகமாகக் கிடந்தால் அதோடும் சேர்ந்து கார்பைடு என்ற கடினமான குருணையாகிவிடும். டி2-வில் பெரும்பாலும் உருவாகும் கார்பைடில் 7 உலோக அணுக்களுக்கு 3 கார்பன் அணுக்கள். பள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: குரோமியத்தின் அணு எடை 52, கார்பனுக்கு 12. ஏழு குரோமியம் 364, மூன்று கார்பன் 36. அதாவது 1 கிராம் கார்பன் கிட்டத்தட்ட 10 கிராம் குரோமியத்தைக் கட்டிப் போட்டுவிடும்! நடைமுறையில் அந்த ஏழில் இரும்பும் இடம் பிடிப்பதால் இழப்பு கொஞ்சம் குறைகிறது. டி2-வில் கார்பன் 1.5 சதவீதம். குரோமியத்தில் ஏறக்குறைய பாதி அதோடு போய்விடுகிறது. சம்பளச் சீட்டில் 12,000 என்று இருக்கும், பிடித்தம் போகக் கைக்கு வருவது 6,000. படலம் போடும் செலவுக்கு அந்தக் கைக்காசுதான். துருவைத் தாங்கத் தனியாகக் கரைந்து நிற்கும் குரோமியமே சுமார் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

பிடித்தமான குரோமியம் வீணாகவில்லை. அந்தக் கார்பைடு குருணைகள் மார்ட்டன்சைட்டைவிடக் கடினம் என்பதால் கூர் சீக்கிரம் தேயாது. டி2 பேர் வாங்கியது அதனால்தான். வீட்டில் சாப்பிடும் கரண்டி இதற்கு நேர்மாறு: 18 சதவீதம் குரோமியம், கார்பன் 0.08-க்குள். பிடித்தமே இல்லை, துருவும் இல்லை. ஆனால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது.

நாகர்கோவில் நகைக்கடைகளில் காரட் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் எஃகைச் சோதிக்கும் கைக்கருவிகளும் உண்டு. குரோமியம், வனேடியம், மாலிப்டினம் எவ்வளவு என்று நொடியில் சொல்லும். கார்பன் மிக இலேசான தனிமம், அது அந்தக் கருவியின் கண்ணுக்குப் படாது. குரோமியத்தில் எவ்வளவு கட்டுண்டு கிடக்கிறது, எவ்வளவு சும்மா நிற்கிறது என்பதும் தெரியாது. பிளேடில் பொறித்த பெயர் நிஜமா என்று ஓரளவு பார்க்கலாம், அவ்வளவே.

வெட்டவும் வேண்டும், துருவும் கூடாது என்றால்? குரோமியத்தைவிடக் கார்பன் மேல் பசி அதிகமுள்ள ஒன்றை உள்ளே விட வேண்டும். அதுதான் வனேடியம். 1 கிராம் கார்பனுக்கு சுமார் 4 கிராம் வனேடியம் போதும், குரோமியம் தப்பிக்கும். 2001-ல் வந்த எஸ்30வி எஃகில் 4 சதவீதம் வனேடியம் இருந்தது. அதிலும் குரோமியக் கார்பைடு கொஞ்சம் மிஞ்சியது. 2021-ல் வந்த, அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் எஃகு கணக்கை முழுசாக முடித்தது: கார்பன் 1.15, வனேடியம் 4, வனேடியம் போலவே கார்பனைப் பிடிக்கும் நியோபியம் 2, குரோமியம் வெறும் 10.7 சதவீதம். டி2-வைவிடக் குறைவுதான். ஆனால் கடினப்படுத்திய பிளேடில் குரோமியக் கார்பைடே கிடையாது. குரோமியம் அத்தனையும் கைக்காசு. உப்பில் டி2 அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. இந்த விகிதங்களை முதல்முறை உட்கார்ந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு அழகு.

இவ்வளவு வனேடியத்தைப் போட்டு உருக்கிச் சாதாரண அச்சில் ஊற்றினால் மெதுவாக ஆறும்போது கார்பைடுகள் பெருத்துவிடும். கூரின் முனையோ ஒரு மைக்ரோமீட்டர் அளவு. அங்கே பெரிய குருணை நின்றால் முனை பெயர்ந்து வரும். அதனால் உருகிய எஃகை வாயுவால் பீச்சிப் பொடித்துளிகளாக்குகிறார்கள். துளி நொடிக்கும் குறைவான நேரத்தில் உறைவதால் கார்பைடு வளர வாய்ப்பில்லை. அப்புறம் அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிக் கட்டியாக்குகிறார்கள். விலை ஏறுவது இங்கேதான் தொடங்குகிறது. வனேடியக் கார்பைடு சாதாரண சாணைக்கல்லின் அலுமினா துகளைவிடக் கடினம் என்பதால், தொழிற்சாலையில் பிளேடைத் தேய்க்கவே நேரமும் பெல்ட்டும் அதிகம் போகும். நீங்களும் வீட்டில் வைரத்தூள் பதித்த கல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, கார்பனையே குறைத்து அந்த வேலையில் பாதியை நைட்ரஜனிடம் கொடுப்பது. எல்சி200என் என்ற எஃகு அப்படிப்பட்டது: 0.3 சதவீதம் கார்பன், 0.4 சதவீதம் நைட்ரஜன், 15 சதவீதம் குரோமியம். விமான பேரிங்குகளுக்குப் பயன்படும் வகை. கூர் மேக்னாகட் அளவுக்கு நிற்காது. ஆனால் முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ தினம் கடலுக்குப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் வேலை என்றால் டி2 தாராளமாகப் போதும், துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேக்னாகட்டை உருவாக்கியவர் கார் எஃகுத் துறையில் வேலை பார்த்தவர், அப்பா கத்தி செய்பவர். வீட்டுப் பித்துதான் அந்த எஃகானது. நம்மிடம் ஐதராபாத்தில் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இருக்கிறது, ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகம் இருக்கிறது. கவசத் தகடுக்குப் போகும் பணத்தில் துளியூண்டு, ரப்பர் மரம் வெட்டும் கத்திக்கும் மீன் அறுக்கும் கத்திக்கும் போனால் என்ன குறைந்துவிடும்? விடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான மரங்களைக் கீறுகிறவருக்குக் கூர் நிற்பது பொழுதுபோக்கு விஷயமா? மணவாளக்குறிச்சி மணலிலிருந்து இல்மனைட் எடுக்கிறோம், அது டைட்டானியத் தாது. உலகத்தில் அந்தத் தாதின் பெரும்பகுதி போவது வெள்ளைப் பெயின்ட் போன்றவற்றுக்கான நிறமிக்கு. விலையுயர்ந்த மடக்குக் கத்தியின் டைட்டானியக் கைப்பிடியை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்.

இப்போது விலை. ஆயிரம் ரூபாய்க் கத்தியிலிருந்து ஐந்தாயிரத்துக்குப் போனால் எஃகில் நிஜமான முன்னேற்றம் தெரியும். அதற்கு மேலே ஏற ஏற, கைப்பிடி, பேரிங், பூட்டு, பிராண்டின் பெயர் ஆகியவற்றுக்குத்தான் அதிகம் கொடுக்கிறீர்கள். பிளேடில் நெளிநெளியாக டமாஸ்கஸ் கோலம் இருந்தால் ஏமாற வேண்டாம். மலிவான கத்திகளில் அது பல நேரம் லேசரிலோ அமிலத்திலோ மேலாகப் போட்ட படம். இரும்பு பக்கத்தில் இருந்தால் பேய் அண்டாது என்று தலையணைக்கடியில் கத்தி வைக்கிறவர்களுக்கு வேண்டுமானால் அது உதவலாம்.

எஃகின் பெயரைவிட, அதைக் காய்ச்சியவர் யார் என்று கேளுங்கள். ஒரே எஃகைச் சுமார் 200 டிகிரியில் தணித்தால் குரோமியம் சும்மா நிற்கும். 500 டிகிரிக்கு மேல் தணித்தால், வேறு சில வசதிகள் கிடைத்தாலும், நுண்ணிய குரோமியக் கார்பைடுகள் மறுபடி முளைத்து, துரு தாங்கும் சக்தி குறையும். பெயர் ஒன்று, கத்தி இரண்டு. கடினம் எத்தனை புள்ளி என்று வெளிப்படையாக எழுதும் கம்பெனியை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம், தடிமன். கூருக்குச் சற்று மேலே பிளேடு தடித்திருந்தால் எந்த எஃகும் உதவாது. கடைக்காரர் விட்டால் ஒரு மரச்சீனிக் கிழங்கைக் குறுக்கே சீவிப் பாருங்கள். மெல்லிய பிளேடு வழுக்கிக்கொண்டு இறங்கும். தடித்தது பாதியிலேயே டப்பென்று கிழங்கைப் பிளந்துவிடும். மூவாயிரம் ரூபாய்க் கத்தி இருபதாயிரம் ரூபாய்க் கத்தியை இதில் தோற்கடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடலுக்குப் போய் வந்தால் எந்தக் கத்தியானாலும் நல்ல தண்ணீரில் திறந்து மூடிக் கழுவுங்கள், உப்பு தங்குவது மடக்கும் ஆணிக்குள்தான். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்குப் பிடித்துக் கத்தி மடங்காது.