நிலா விழாவுக்கு மூன்றாம் நாள்

சீனாவின் நடு இலையுதிர்கால விழாவைப் பார்க்கப் போகிறவர்கள், நிலா கேக்கும் விளக்கு அலங்காரமும் முடிந்தவுடன் ஊர் திரும்பிவிட வேண்டாம். இன்னும் மூன்று நாள் தங்குங்கள். விழா, சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் 15ஆம் நாள். 18ஆம் நாள் செஜியாங் மாகாணத்தின் யென்குவான் ஊரில், சியன்டாங் ஆற்றங்கரையில் கூட்டம் நெரியும். கடலிலிருந்து ஓர் அலை, ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து, ஒரு கரை முதல் மறுகரை வரை ஒரே கோடாக ஏறி வரும். முதலில் கேட்பது அதன் இரைச்சல்தான்.

பௌர்ணமியன்று சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதால் கடல் ஓதம் அதிகம் உயர்கிறது. செப்டம்பர் கடைசி வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே இருக்கும். பௌர்ணமி நிலாவும் அதை ஒட்டியே இருக்கும். ஈர்ப்பு இன்னும் வலுவாகச் சேர்கிறது. அப்படியானால் 15ஆம் நாளே அலை வர வேண்டாமா? கடல் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது. உராய்வாலும் தன் பாரத்தாலும் ஓரிரு நாள் பிந்துகிறது. போதாக்குறைக்கு, முழு நிலாவே பல ஆண்டுகளில் 16ஆம் நாள்தான் வருகிறது.

சரி, உயர்ந்த ஓதம் எல்லாக் கடற்கரையிலும்தான் வருகிறது. இங்கே மட்டும் ஏன் சுவராக எழுகிறது? இந்த ஆறு கடலில் கலக்கும் ஹாங்சோ விரிகுடா, எண்ணெய் ஊற்றும் புனல் போன்ற வடிவம். வாயில் சுமார் 100 கி.மீ. அகலம், யென்குவானில் ஏறக்குறைய 3 கி.மீ.தான். உள்ளே வந்த நீர் பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழுகிறது. வழியில் ஒரு பெரிய மணல்திட்டு ஆற்றின் அடித்தளத்தையே உயர்த்திவிடுகிறது. ஆழம் குறைந்த நீரில் அலை மெதுவாகத்தான் போகும். முன்னால் போவது தயங்க, ஆழமான நீர்மேல் வரும் பின்பகுதி வேகமாக வந்து அதன் முதுகில் ஏறுகிறது. இப்படி ஏறி ஏறித்தான் முகப்பு செங்குத்தாகிறது. சில சமயம் மணிக்கு 40 கி.மீ. வரை வேகம் எடுக்கும்.

அலை வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லும் அட்டவணையை இங்கே 1056இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு. இன்றும் பயணிகள் அட்டவணை பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். யென்குவானில் பார்த்த கையோடு வண்டியேறினால், 11 கி.மீ. மேற்கே லாவ்யென்சாங்கில் அதே அலையை மறுபடி பார்க்கலாம். அங்கே ஆற்றுக்குள் நீளும் தடுப்பணையில் மோதி, வந்த வழியே திரும்பிப் பாயும். கரையோரம் நிற்பவர்களை வாரிக்கொண்டு போகும் இடம் அதுதான்; வேலிக்குப் பின்னால் நின்றே பாருங்கள். பகலில் தவறவிட்டால், அடுத்த அலை சுமார் 12 மணி 25 நிமிடம் கழித்து, இரவில்.