கோரே என்றால் பாவை

பண்டைய கிரேக்கச் சிற்பங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே பாய் விரிந்துவிடுகிறது. நேராக நின்று, உடுத்தி, நகை பூட்டி, உதட்டோரம் சிரிப்போடு இருக்கும் இளம்பெண் சிலைக்குக் கோரே என்று பெயர். கிரேக்கத்தில் அதன் பன்மை கோரை. "ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் மேட்டில் கோரைகள் கிடைத்தன" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனத்தில் வருவது பத்தமடைப் பாய்தான்.

சொல்லுக்கு நேர்ப்பொருள் இளம்பெண், மகள். மிகப் பழைய சொல். கி.மு. 1200ஐ ஒட்டிய, தென்மேற்குக் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனைக் களிமண் பலகைகளிலேயே 'கோ-வா' என்று இருக்கிறது. நடுவில் இருந்த வகர ஒலி பின்னால் தேய்ந்துபோனது. பாதாள உலகுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட தேவி பெர்செபனியையும் கோரே என்றே அழைத்தார்கள். தொல்லியலில் இந்தச் சொல், ஏறத்தாழ கி.மு. 650 முதல் 480 வரை செதுக்கிய பெண் சிலைகளைக் குறிக்கும். அக்காலத்தவரே சிலையை அப்படிச் சொன்னதற்கும் சான்று உண்டு. அக்ரோபோலிஸ் கல்வெட்டு ஒன்றில், கடல் தந்த வேட்டையின் முதல் பங்காக "இந்தக் கோரேயை" நவ்லோகோஸ் என்பவன் படைத்ததாக இருக்கிறது.

சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால் ஃபிராசிக்ளேயாவிடம் போக வேண்டும். 1972இல், ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்கா பகுதியின் மெரெண்டாவில் ஒரு குழிக்குள் கிடைத்த கல்லறைச் சிலை அவள். தலையில் தாமரை மொட்டு மகுடம், நெஞ்சருகே இடக்கையில் இன்னொரு மொட்டு, வலக்கை பாவாடையைப் பிடித்திருக்கிறது. சிவப்பு ஆடையில் பூ வட்டங்கள் இன்னும் தெரிகின்றன. பீடத்தில் அவளே பேசுகிறாள்: "என்றும் நான் கோரே என்றே அழைக்கப்படுவேன், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குப் பங்கிட்டது இந்தப் பெயர்தான்."

இதைப் படித்ததும் 'கன்னிச் சிலை' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். நானும் சில காலம் அப்படித்தான் எழுதினேன். ஆனால் எல்லாச் சிலைகளுக்கும் அது பொருந்தாது. டெலோஸ் தீவில் கிடைத்த, மிகப் பழைய கோரேகளில் ஒன்றைப் படைத்த நிகாண்ட்ரே, தன்னை ஒருவனின் மனைவி என்றே பொறித்திருக்கிறாள். சில சிலைகள் பெண்ணா, தேவியா என்ற வழக்கே இன்னும் முடியவில்லை. குமரி என்றால் முனைக்குப் போய்விடுவோம். மங்கை, மடந்தை என்றால் இலக்கணம் வயது கேட்கும்.

என் தேர்வு பாவை. காரணம் கண்ணிலேயே இருக்கிறது. கோரேவுக்கு இளம்பெண் தவிர இன்னும் இரண்டு பொருள்கள்: பொம்மை, கண்ணின் கருமணி. எதிரே நிற்பவரின் கண்மணிக்குள் நம் உருவம் குட்டிப் பொம்மையாகத் தெரிகிறதல்லவா, அதனால் வந்த பெயர். தமிழில் பாவை என்பதும் பொம்மை, பெண், கண்மணிக்குள் தெரியும் உருவம் மூன்றும்தான். "கருமணியிற் பாவாய்நீ போதாய்" என்று குறளில் காதலன் கண்ணுக்குள் இருப்பவளைக் கிளம்பச் சொல்கிறான். உடனே இரண்டு சொல்லுக்கும் உறவு கட்டிவிட வேண்டாம். கண்ணைப் பார்த்த இரு மொழிக்காரர்களுக்கும் ஒன்றே தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். நெடுநல்வாடை இன்னும் ஒரு படி மேலே போகிறது: "யவனர் இயற்றிய வினைமாண் பாவை" கையில் அகல் ஏந்தி நிற்கிறாள். யவனர் செய்த பெண்ணுருவுக்கு நக்கீரர் வைத்த சொல் அது. நாம் புதிதாக ஆக்க என்ன இருக்கிறது?

ஆண் சிலையான கூரோஸுக்குத்தான் திண்டாட்டம். காளை என்றால் மாடு, குமரன் என்றால் முருகன், விடலை என்றால் தேங்காய். அதைக் கூரோஸ் என்றே விட்டுவிடலாம்.

ஆடைகளுக்கு வருவோம். பெப்லோஸ் என்பது தைக்காத கம்பளித் துணி. மேல்விளிம்பை மடித்துத் தொங்கவிட்டு, இரு தோளிலும் ஊசி குத்துவார்கள். கித்தோன் மெல்லிய ஆளிநார்த் துணி, அதாவது லினன். கை நெடுகப் பொத்தான் வரிசையும் நுண்மடிப்புகளும் இருக்கும். அதன்மேல் குறுக்காகப் போர்த்துவது ஹிமாத்தியோன். அதை மேலாடை என்றால் போதும். கித்தோனை 'சிட்டான்' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த பிழை. அந்தச் சொல்லே கிரேக்கர்கள் செமித்திய மொழியில் கடன் வாங்கியது, நாமும் கடனாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஊசி ஆடை போய்ப் பொத்தான் ஆடை வந்ததற்கு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். ஏகினா தீவுக்குப் போன ஏதென்ஸ் படையில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினான். இறந்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு, "என் புருஷன் எங்கே?" என்று கேட்டுக் கேட்டே ஆளுக்கொரு ஊசியால் குத்திக் கொன்றார்களாம். அதன்பின் ஏதென்ஸ் பெண்களுக்கு ஊசி தேவைப்படாத அயோனிய உடையை, அதாவது கித்தோனை விதித்தார்கள். (யவனர் என்ற சொல்லும் அயோனியாவிலிருந்து வந்ததுதான்.) கதையை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் பாடு. அக்ரோபோலிஸ் சிலைகளில் பெரும்பாலானவை கித்தோனில்தான் நிற்கின்றன.

பெயரே பிசகிப்போன ஒருத்தியும் உண்டு. 1886இல் கிடைத்த 'பெப்லோஸ் கோரே', சுமார் 1.2 மீட்டர் உயரம். சாய்ந்த வெளிச்சத்திலும் புற ஊதா ஒளியிலும் ஆராய்ந்தபோது பாவாடையின் முன்பக்கத்தில் விலங்கு உருவங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. வெறும் பெப்லோஸ் இல்லை, தேவியின் உடையாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் 'பெப்லோஸ் பாவை' என்று எழுதுவேன்.

அக்ரோபோலிஸின் எரெக்தியோன் கோயிலில் கூரை தாங்கிய ஆறு பெண் சிலைகளை உலகம் காரியாட்டிட் என்கிறது. அந்தக் கோயிலின் கட்டுமானக் கணக்கைப் பொறித்தவர்களோ 'கோரை' என்றுதான் எழுதினார்கள். தமிழில் தூண்பாவை எனலாம். ஐந்து தூண்பாவைகள் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில்.