பேய் வரும் என்று தெரிந்தும் ஏன் துள்ளுகிறோம்?

கொட்டாஞ்சேனையில் உயர்தரம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேய்ப்படங்களுக்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வந்துகொண்டே இருக்கின்றன. கண்ணாடி அலுமாரியைத் திறந்து மூடினால் பின்னால் பேய் நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தாலும் உடம்பு துள்ளத்தான் செய்கிறது. ஏன்?"

அருமையான கேள்வி. படம் எடுப்பவர்களுக்கும் இதுதான் தலையிடி. தமிழில் 'அரண்மனை' 2014இல் தொடங்கி 2024க்குள் நான்கு பாகங்களைக் கண்டுவிட்டது. 'டிமான்ட்டி காலனி' 2015இல் வந்தது, அதன் இரண்டாம் பாகம் 2024இல். பாகம் கூடக்கூட, வித்தை எல்லாம் அத்துப்படியான ஒரு கூட்டத்தைப் பயமுறுத்த வேண்டிய கட்டாயம் இயக்குநருக்கு. பேய் முகத்துக்கு சிலிக்கோன் ஒட்டுவது, நடிகரைக் கம்பியில் தொங்கவிட்டுப் பிறகு கணினியில் கம்பியை அழிப்பது, எலும்பு முறியும் சத்தத்துக்கு மைக்கின் முன்னால் செலரித் தண்டை முறிப்பது எல்லாம் பலரும் எழுதியாயிற்று. நான் நேரே எடிட்டிங் மேசைக்கும் ஒலிக்கலவைக் கூடத்துக்கும் போகிறேன். வாசகரின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் செக்கனுக்கு 24 பிரேம். அப்படியென்றால் ஒரு பிரேம் திரையில் நிற்பது ஏறக்குறைய 42 மில்லிசெக்கன். திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால் கண்ணை மூடும் தசை சுருங்கத் தொடங்குவதற்கு 30 முதல் 50 மில்லிசெக்கன் போதும். ஆக, பேயின் முகம் உள்ள முதல் பிரேம் திரையை விட்டுப் போவதற்குள், அல்லது போன கையோடு, கண்மடலுக்குக் கட்டளை போய்ச் சேர்ந்துவிடுகிறது. பார்வை இவ்வளவு வேகமானதல்ல. விழித்திரையில் விழுந்த ஒளி நரம்புத் துடிப்பாக மாறி, மூளையின் பின்புறம் போய், அது ஒரு முகம் என்று பிரித்தறியப்படுவதற்கு 100 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். உங்களைத் துள்ள வைத்தது பேயின் முகம் அல்ல. முகம் வந்து சேர்வதற்கு முன்பே நீங்கள் துள்ளிவிட்டீர்கள். வேலையை முடித்தது சத்தம்.

இதைத் தியேட்டரிலேயே பார்க்கலாம். வெள்ளவத்தையில் ஒரு பேய்ப்படத்துக்கு மருமக்கள் இருவரோடு போயிருந்தேன். சின்னவள் சால்வையால் முகத்தை இறுக்கி மூடிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் கண்ணை அகலத் திறந்துகொண்டு, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான். ஒன்றையுமே பார்க்காதவள் ஒவ்வொரு அடிக்கும் இருக்கையை விட்டு எழும்பினாள், அவள் மடியிலிருந்த பொப்கோர்ன் பக்கத்து அம்மாவின் சேலையில் கொட்டுண்டது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன் அசையவே இல்லை.

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? ஒலி அதிர்வு உட்காதின் நத்தைச்சுருளில் நரம்புத் துடிப்பாகி, மூளைத்தண்டிலுள்ள முதல் நிலையத்துக்கு வருகிறது. அங்கே பாதை பிரியும். ஒரு பாதை மூளைய மேற்பட்டைக்கு ஏறிப்போய், என்ன சத்தம், எந்தப் பக்கம், ஆபத்தா இல்லையா என்று நிதானமாக ஆராய்கிறது. மற்றது எந்த ஆராய்ச்சிக்கும் நிற்பதில்லை. மூளைத்தண்டில் வரோலியின் பாலம் என்று ஒரு பகுதியை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதன் கீழ்ப்பகுதியில் சில பருத்த நரம்புக்கலங்கள் இருக்கின்றன. அந்தப் பாதை நேரே அவற்றுக்குத்தான் போகிறது. அவற்றின் நீண்ட இழைகள் முண்ணாணுக்குள் இறங்கிக் கழுத்து, தோள், கை, வயிறு, கால் என்று எல்லாத் தசைகளுக்கும் ஒரே மூச்சில் செய்தியைக் கொடுக்கின்றன. காதிலிருந்து தசைவரை இடையில் நாலே நாலு நரம்பிணைப்பு இருந்தால் அதிகம். இந்தத் தெறிவினையில் கண் மூடுகிறது, தலை முன்னுக்குத் தாழ்கிறது, தோள்கள் காதை நோக்கி உயர்கின்றன, முழங்கை மடிகிறது, வயிறு இறுகுகிறது. கழுத்தையும் கண்ணையும் வயிற்றையும் காக்கும் ஒரு சுருக்கம். எலிக்கும் இதேதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. இவ்வளவு சின்னச் சுற்று, இவ்வளவு நேர்த்தியான வேலை!

1930களில் கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை அதிவேக சினிமாக் கமராவால் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். 1939இல் புத்தகமாகவும் போட்டார்கள். துப்பாக்கி சுட்டுச் சுட்டுப் பழகிய பொலிஸ்காரர்களைக்கூட அவர்கள் விடவில்லை. தோளும் கையும் ஓரளவு பழகியிருந்தன, கண் மட்டும் மூடிக்கொண்டே இருந்தது. அதனால் பேய்ப்படத்தில் துள்ளியவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். அந்தச் சுற்றுக்கு வீரமும் தெரியாது, இது மூன்றாம் பாகம் என்பதும் தெரியாது.

இந்தச் சுற்றைத் தட்டியெழுப்ப ஒலி உரக்க இருந்தால் மட்டும் போதாது, சடுதியாக ஏற வேண்டும். அதே உச்சத்துக்கு மெல்ல மெல்ல ஏறினால் உடம்பு சும்மா இருக்கும். ஆகவே எடிட்டர்கள் உலோக அடி, வயலின் கீறல், மிருக உறுமல், அடிவயிற்றைத் தாக்கும் தாழ்ந்த ஒலி என்று பலவற்றை அடுக்கி, எல்லாவற்றின் தொடக்கமும் ஒரே பிரேமில் விழுமாறு வெட்டுகிறார்கள். தியேட்டர் விதிமுறைப்படி திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 85 டெசிபெல்லுக்கு அளந்து வைக்கப்படுகிறது. அதற்கு மேல் இன்னும் 20 டெசிபெல் ஏற இடமிருக்கிறது, அதாவது 105வரை. ஆய்வுகூடத்தில் ஆட்களைத் திடுக்கிட வைக்கப் பயன்படுத்தும் ஒலியும் வழமையாக 95 முதல் 105 டெசிபெல்தான்!

அடிக்கு முன்னால் வரும் அமைதிக்கும் உடற்றொழிலியல் காரணம் உண்டு. பெரிய சத்தத்துக்குச் சற்று முன், பத்தில் ஒரு செக்கன் அளவில், ஒரு மெல்லிய சத்தம் கேட்டாலே தெறிவினை வெகுவாகக் குறைந்துவிடும். மூளை அந்தச் சின்னச் சத்தத்தைக் கவனித்து முடிக்கும்வரை அடுத்ததைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. எனவே சேலைச் சரசரப்பு, காலடி, மூச்சு எதுவும் அந்த இடைவெளியில் இருக்கக்கூடாது. நடுக்காதில் ஏந்தியுரு என்ற சின்ன எலும்பைப் பிடித்திருக்கும் குட்டித் தசையும் சேர்ந்துகொள்கிறது. உரத்த ஒலியில் அது இறுகிக் காதைக் காக்கும், அமைதியில் தளர்ந்திருக்கும். காவல் தளர்ந்த நேரம் பார்த்து அடி விழுகிறது.

அப்புறம், தொடர் பாகம் எடுப்பவர்கள் உண்மையில் விளையாடும் இடத்துக்கு வருவோம். அந்தப் பருத்த நரம்புக்கலங்களுக்கு வானொலிப் பெட்டியில் இருப்பதுபோல ஒரு ஒலித்திருகி உண்டு. அதைத் திருப்பும் கை அமிக்டலா, பயத்தைக் கையாளும் மூளைப்பகுதி. 1951இல் எலிகளுக்கு ஒரு வெளிச்சத்தையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துப் பழக்கினார்கள். பிறகு அந்த வெளிச்சம் எரியும்போது சத்தம் போட்டால், அதே சத்தத்துக்கு எலிகள் கூடுதலாகத் துள்ளின. இதை அமிக்டலாவரை தேடிப் போனவர் மைக்கேல் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். அமிக்டலாவிலிருந்து வரோலியின் பாலத்திலுள்ள அதே கலங்களுக்கு இழைகள் போவதை அவருடைய குழு காட்டியது. மனிதரில் மின்னதிர்ச்சியே தேவைப்படவில்லை. "இப்போது உங்களுக்கு ஷொக் வரலாம்" என்று வாயால் சொன்னாலே போதும், ஒருமுறையும் ஷொக் கொடுக்காவிட்டாலும் துள்ளல் கூடுகிறது. இருட்டும் மனிதருக்குத் திருகியை ஏற்றுகிறது. இரவில் நடமாடும் எலிக்கோ வெளிச்சம்தான் ஏற்றுகிறது. எலிகள் படம் பார்க்கும் தியேட்டர் ஒன்று இருந்தால் விளக்கையெல்லாம் போட்டுத்தான் பேய்ப்படம் ஓட்ட வேண்டும்.

வாசகருக்கு இப்போது பதில் சொல்லலாம். பேய் வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது உங்களைக் காப்பதில்லை. ஷொக் வரலாம் என்ற அந்த எச்சரிக்கை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. முந்திய பாகம் உங்களுக்குக் கற்பித்த தாலாட்டு, பொம்மை, கிணறு எல்லாம் அந்த எலிகளின் வெளிச்சம் மாதிரி. மூன்றாம் பாகத்தில் அந்தத் தாலாட்டின் நாலு சுரம் கேட்டதுமே திருகி ஏறிவிடுகிறது. புதுப்படம் ஒன்று அரை மணி நேரம் கஷ்டப்பட்டுச் செய்வதைத் தொடர் பாகம் நாலு சுரத்தில் செய்துவிடும். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் துள்ளல் தேய்வது உண்மைதான். ஆனால் ஓய்வு கிடைத்தால் அது மீண்டுவிடும். இரண்டு பாகங்களுக்கு இடையில் இரண்டு வருடம் என்பது தாராளமான ஓய்வு.

கெடுக்கக்கூடியது ஒன்றுதான்: எந்தக் கணத்தில் வரும் என்று துல்லியமாகத் தெரிந்துபோவது. வரும், ஆனால் எப்போதென்று தெரியாது என்ற நிலையில்தான் திருகி இறங்காமல் நிற்கிறது. அதனால் நல்ல இயக்குநர் அலுமாரிக் கதவை மூடவிட்டுப் பின்னால் வெறும் சுவரைக் காட்டுவார். நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுவீர்கள், அப்புறம்தான் அடி விழும். இந்த வித்தை பழையது. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இரவில் தனியே நடக்கும் பெண்ணுக்குப் பின்னால் மிருகம் பாயப்போகிறது என்று காத்திருக்கும்போது, பெரும் இரைச்சலோடு வந்து நிற்பது ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே இதைச் சொல்கிறார்கள். வரிசையாக அடி அடியென்று அடித்து ஒப்பேற்றும் தொடர் பாகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கையில் ஏறிய திருகியை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தத் தெரியாமல் வீணாக்குகிறார்கள்.

காதுக்குக் கேட்காத ஒலியைப் படத்தில் கலந்து பயமுறுத்துகிறார்கள் என்று முகநூலில் சுற்றும் கதையை நம்ப வேண்டாம். 1998இல் இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியியலாளர், தமது ஆய்வுகூடத்தில் ஆட்கள் உணர்ந்த 'ஆவி'க்குக் காரணம் ஒரு மின்விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத 19 ஹேர்ட்ஸ் அதிர்வுதான் என்று எழுதினார். ஆவிக்குப் பதில் மின்விசிறியைத் தேடிய அந்த மனநிலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் பின்வந்த சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த விளைவு தென்படவில்லை. தியேட்டர் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் அவ்வளவு தாழ்ந்த மீடிறனை ஒழுங்காக எழுப்புவதும் இல்லை. படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளை இரவில் கத்தி எழும்பினால் நூல் ஓதிக் கட்டவும் தண்ணீர் மந்திரிக்கவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். ஏறிய திருகி இறங்கக் கொஞ்ச நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் படுத்து, விளக்கைப் போட்டு, அந்தக் காட்சியைப் பற்றிக் கதையுங்கள். நூலுக்குக் கொடுக்கும் காசு வீண். அதைவிட மோசம், உன்மேல் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது.

படம் முடிந்து வெளியே வந்தும் திருகி இறங்காமல் வருடக்கணக்காக ஏறியே நிற்பவர்கள் நம்மிடையே உண்டு. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோயின் அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவக் கையேட்டிலேயே இருக்கிறது. ஷெல்லடிக்குள் வளர்ந்து கொழும்புக்கு வந்த தலைமுறை இது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அயலில் இருந்தவர்கள் இன்னமும் அதே தெருக்களில்தான் வாழ்கிறார்கள். தீபாவளிக்கும் புதுவருடத்துக்கும் பட்டாசு வெடிக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் பேய்ப்படம் பார்த்துப் பயந்தவர்கள் அல்ல. இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தைக்கூடத் தொடுவதில்லை. திடுக்கிடலை அளக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கண்ணுக்குக் கீழே ஒட்டும் இரண்டு சின்ன மின்வாய்கள், ஒரு பெருக்கி, ஒரு ஹெட்போன், ஒரு கணினி. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தால் திருகி இறங்குகிறதா இல்லையா என்பது எண்ணாகவே தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் ஆட்களோடு பேசக்கூடிய ஆய்வாளர் இருவரையும் இந்தக் கருவிகளையும் ஒரு பல்கலைக்கழகத்தில் அமர்த்த, மூன்றாம் பாகம் ஒன்றின் ஒரு நாள் படப்பிடிப்புச் செலவுகூட ஆகாது என்றே நினைக்கிறேன்.