ஊசி இல்லாமல் சிறுநீரகத்தின் மூச்சை அளப்பது

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மகளுக்கு லூபஸ். போன வருடம் சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். இப்போது மறுபடியும் எடுக்க வேண்டுமாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடக் கூடாதா?"

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குவதுதான் லூபஸ் என்பது அந்தத் தாய்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாக்குதல் சிறுநீரகத்துக்கு வந்தால் சிறுநீரில் புரதம் ஒழுகும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். ஆனால் இப்போது நடப்பது அழற்சியா, பழைய தழும்பா என்பதை இந்த எண்கள் தெளிவாகச் சொல்வதில்லை. அழற்சி ஸ்டீராய்டுக்கு அடங்கலாம், தழும்பு அடங்காது. அதனால்தான் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அதிலும் ஒரு குறை: ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் இருக்க, ஊசியில் சிக்குவது ஒன்றிரண்டு டஜன்தான்.

எம்.ஆர்.ஐ. முழுச் சிறுநீரகத்தையும் பார்க்கும். அதில் பல முறைகள் உண்டு. எனக்குப் பிடித்தது 'போல்டு' (BOLD): ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் முறை.

ஆக்சிஜனை ஏந்திய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை லேசாக ஈர்க்கும். இதை வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-லேயே கண்டுவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. கருவி நம் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்களை ரேடியோ அலையால் தட்டிவிட, அவை கோலாட்டக் குழுவைப் போல ஒரே தாளத்தில் சுழலத் தொடங்கும். அருகில் ஆக்சிஜன் இழந்த ரத்தம் இருந்தால் அங்கே காந்தப்புலம் கொஞ்சம் கோணலாகும். தாளம் சீக்கிரம் கலையும், சமிக்ஞை விரைவில் மங்கும். எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று அளந்தால் போதும், அங்கே ஆக்சிஜன் எவ்வளவு குறைவு என்பது தெரியும். விஞ்ஞானி சேஜி ஓகாவா 1990-இல் எலியின் மூளையில் இதைக் காட்டினார்.

சிறுநீரகத்தில் இது இன்னும் சுவையானது. இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. இருந்தும் உள்பகுதியான அகணி எப்போதும் மூச்சுத் திணறலின் விளிம்பிலேயே வாழ்கிறது: வெளிப்பகுதியான புறணியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 50 மி.மீ. பாதரசம், அகணியில் 10 முதல் 20 வரைதான். காரணம், அங்கே ஹென்லே வளைவு என்ற நுண்குழாயில் உப்பை ஓயாமல் இறைக்கும் செல்கள் வந்த ஆக்சிஜனையெல்லாம் தீர்த்துவிடுகின்றன.

இங்கே ஒரு சிக்கல். அகணியில் ஆக்சிஜன் நிறைய இருப்பதாக ஸ்கேன் காட்டினால் அது நல்ல செய்தியா? ரத்தம் தாராளமாக வருவதாலும் இருக்கலாம். இறைக்கும் செல்களே செத்துப்போய், ஆக்சிஜனைச் செலவழிக்க ஆளில்லாததாலும் இருக்கலாம். இதைப் பிரித்தறியும் வழி அழகானது. சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடு ஊசி போட்டால் உப்பு இறைப்பது நின்றுபோகும். ஆரோக்கியமான அகணியில் சில நிமிடங்களில் ஆக்சிஜன் கூடுவதை ஆய்வாளர் பிரசாத்தின் குழுவினர் 1996-இல் பாஸ்டனில் படம் பிடித்தனர். கூடவில்லையென்றால், நிறுத்துவதற்கு அங்கே வேலையே நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

போல்டு முறைக்கு, படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் காடோலினியம் சாயம் வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்குச் சில வகைச் சாயங்களால் தோல் இறுகும் நோய் வரக்கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது.

ஆனால் ரத்தசோகை, குடித்த தண்ணீர், குடலிலுள்ள காற்று எல்லாம் போல்டு கணக்கைக் குழப்பும். ஒரே நோயாளிக்கு ஸ்கேனும் பயாப்ஸியும் எடுத்து, வருடக்கணக்கில் ஒப்பிட்டால்தான் எண்களை நம்பலாம். கருவி வாங்கக் கோடிகளை எடுத்துவைப்பவர்கள், இந்தச் சலிப்பான வேலைக்கு ஆள் சம்பளம் தர யோசிப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

வாசகிக்கு என் பதில்: இப்போதைக்கு பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். லூபஸ் சிறுநீரக நோயில் ஆறு வகைகள் உண்டு. எந்த வகை என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். சிகிச்சையும் அதைப் பொறுத்தது. மகள் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ சாப்பிட்டால், நாள் குறிக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.