அவுட்லுக் ஹேங் ஆனால் உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டுக்குள் ஆபீஸ் ஆபீஸாகப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். வாட்ஸ்அப் எவ்வளவு வந்தாலும் இங்கே தோல், ஷூ ஏற்றுமதிக்காரர்களின் வியாபாரம் இன்னும் மெயிலில்தான் ஓடுகிறது. ஆர்டர், கலர் சாம்பிள் போட்டோ, ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், எல்சி (பணத்துக்கு பேங்க் தரும் உத்தரவாதக் கடிதம்) நகல் எல்லாம் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்குக்குள்ளே கிடக்கும். எனக்கு வரும் போன்களில் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பி, மறுபடியும் அவுட்லுக் ஹேங் ஆகுது. பேசாம ஃபார்மட் அடிச்சுடலாமா?"

அடிக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் கோளாறு இருப்பது அவுட்லுக் திறந்து வைத்திருக்கும் மெயில் ஃபைலில். ஃபார்மட் அடித்து ஆபீஸைப் புதிதாகப் போட்டாலும் கடைசியில் அதே ஃபைலைத்தான் இணைக்கப்போகிறோம். நாலு நாளில் பழைய கதைதான். அந்த ஃபைலை எடுத்து வைக்காமலே ஃபார்மட் அடித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். டெஸ்க்டாப்பில் இருப்பதையும் டி டிரைவையும் பேக்கப் எடுத்துவிட்டு, மெயிலை மறந்துவிட்ட சர்வீஸ் ஆட்களுக்குப் பிறகு போய் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஃபைல் டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கலாம், மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரிலும் இருக்கலாம். அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'டேட்டா ஃபைல்ஸ்' பகுதியைத் திறந்தால் சரியான இடம் தெரியும்.

அங்கே ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். ஓஎஸ்டி என்றால் அது சர்வரில் உள்ள மெயிலின் நகல். கெட்டுப்போனாலும் அவுட்லுக்கை மூடிவிட்டுப் பெயரை மாற்றி வைத்தால் சர்வரிலிருந்து புதிதாக இறங்கிவிடும். அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வதற்குக் காரணம், ஐமேப் (மெயில் சர்வரிலேயே தங்கும் முறை) கணக்குகளில் காண்டாக்ட்ஸும் காலண்டரும் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். பிஎஸ்டி என்றால் ஜாக்கிரதை. பாப், அதாவது மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கி வைக்கும் முறையில் ஓடும் கம்பெனிகளில், 14 நாள் கழித்து சர்வரில் இருந்து நீக்கு என்று அவுட்லுக்கே தானாக டிக் போட்டு வைத்திருக்கும். அதற்கு முந்தைய மெயில்களுக்கு உலகத்திலேயே உள்ள ஒரே பிரதி அந்த ஃபைல்தான்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் ஒரு கம்பெனி. மெர்ச்சண்டைசர் பாய் ஒருவர் பையருக்கு ரிப்ளை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை வெளுத்துப்போகும், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். அவர் பொறுமை இழந்து நாலு கிளிக் போடுவார், அதற்கும் அசையாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் போய் 'எண்ட் டாஸ்க்'. ஃபைலைப் பார்த்தால் முப்பது ஜிபியைத் தாண்டியிருந்தது. "பழைய மெயிலெல்லாம் எதுக்கு பாய்?" என்றேன். "ஷேடு மாறிடுச்சுன்னு கிளெய்ம் போட்டான்னா, அவனே அப்ரூவ் பண்ண மெயிலை எடுத்துக் காட்டணுமே தம்பி!" என்றார். அவர் சொல்வது நியாயம். ஆனால் ஒரே சாம்பிள் போட்டோ, 'ஆர்இ' போட்ட ஒவ்வொரு மெயிலிலும் கூடவே உட்கார்ந்திருந்தது.

அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டி, ஓஎஸ்டி ஃபைல்களின் உச்ச வரம்பு 50 ஜிபி. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி. அதற்கும் முன்பு வெறும் 2 ஜிபிதான். வரம்பு 50 என்பதால் 49 வரை நிம்மதி என்று எண்ண வேண்டாம். 5 ஜிபி வரை பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பிரச்சினை இருக்காது. 10 ஜிபி தாண்டினால் அங்கங்கே நிற்கும். 25 ஜிபிக்கு மேல் அடிக்கடி நிற்கும். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

பாய் விஷயத்தில் முதல் வேலையாக அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். இந்தக் காப்பி இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பதில் நான் கறார். பிறகு மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு கூடவே வரும் ரிப்பேர் கருவியான ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டினேன். பிழை இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ரொம்பச் சேதமான மெயிலை அது தூக்கிப்போட்டுவிடவும் கூடும், காப்பி அதற்குத்தான். அடுத்து நிதியாண்டுக்கு ஒன்றாகப் புது பிஎஸ்டி திறந்து பழைய மெயில்களை நகர்த்தினோம். நகர்த்தினாலும் பழைய ஃபைல் உடனே இளைக்காது. டேட்டா ஃபைல் செட்டிங்ஸில் 'காம்பாக்ட் நவ்' கொடுத்தால் இளைக்கும். நேரம் பிடிக்கிற வேலை, சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது போட்டுவிட்டுப் போவது நல்லது. யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் சரி, எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் சரி, பிஎஸ்டிக்கு அடி ஒன்றுதான்.

ஃபைல் சின்னதாக இருந்தும் ஹேங் ஆனால், கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு ஆட்-இன், அதாவது அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை மென்பொருள். ஆன்டிவைரஸ், பிடிஎஃப் மென்பொருள், மீட்டிங் ஆப் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொருகி வைத்திருப்பார்கள். ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் சிக்குவான். அவுட்பாக்ஸையும் ஒரு தரம் பாருங்கள். 20 எம்பி அட்டாச்மெண்ட், மெயிலாகப் போகும்போது ஏறத்தாழ 27 எம்பி ஆகும். பல சர்வர்கள் ஏற்காது, அவுட்லுக் விடாமல் முட்டிக்கொண்டிருக்கும். 'ஒர்க் ஆஃப்லைன்' போட்டு அதை அழித்தால் தீர்ந்தது.

பிஎஸ்டியை ஆபீஸ் சர்வரின் ஷேர் ஃபோல்டரில் வைத்து இரண்டு பேர் திறப்பதும், ஒன்டிரைவ் சிங்க் ஆகும் ஃபோல்டரில் விட்டுவைப்பதும் இங்கே சகஜம். இரண்டும் வம்பு. கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் வையுங்கள், பேக்கப்பைத் தனியாக எடுங்கள்.

அவுட்லுக்குக்குப் பதிலாக தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை வைத்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதும் ஒரே ஃபைல். அழித்த மெயிலும் காம்பாக்ட் செய்யும்வரை உள்ளேயே கிடக்கும். அதில் ஒரு மெயிலில் வைரஸ் கண்டால் ஆன்டிவைரஸ் இன்பாக்ஸையே மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போக வாய்ப்புண்டு. அந்த ஃபோல்டருக்கு விதிவிலக்கு கொடுத்துவிட்டு, அட்டாச்மெண்ட்டைத் திறக்கும்போது சோதிக்கட்டும்.

இணையத்தில் தேடினால் பிஎஸ்டி ரிப்பேர் என்று இலவச மென்பொருள்கள் வரிசை கட்டும். கூடவே 'சப்போர்ட்' என்று ஏதாவது போன் நம்பர் வரும். கூப்பிட்டால், தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் போடச் சொல்வார்கள். பையர் மெயிலும் பேங்க் விவரமும் உள்ள கம்ப்யூட்டரை முகம் தெரியாதவன் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்து, அதில் பணமும் போயிருந்தால், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். மெயில் பாஸ்வேர்டை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள்.