‘சார்’ யார், ‘மேம்’ யார்? படை அதிகாரியை விளிக்கும் சொற்கள்

1982-இல் வந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தில், அதாவது ஒரு விண்வெளிக் கதையில், சாவிக் என்றொரு இளம் பெண் லெப்டினன்ட் வருவார். கப்பலில் மேலதிகாரிகள் அவரை ‘மிஸ்டர் சாவிக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வசனம் எழுதியவர் அசந்துவிட்டார் என்று முதலில் தோன்றும். தமிழில் ‘திரு. சாவிக்’ என்று போட்டுப் பாருங்கள், உடனே உதைக்கிறது.

பிழை இல்லை அது. பிரிட்டிஷ், அமெரிக்கக் கடற்படைகளில் இளநிலை அதிகாரிகளைப் பதவி சொல்லி அழைக்காமல் ‘மிஸ்டர்’ போட்டு அழைப்பது பழைய வழக்கம். அங்கே ‘மிஸ்டர்’ ஏறக்குறைய ஒரு பதவிப் பெயர். விண்வெளிக் கப்பலும் கப்பல்தானே என்று படம் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. லெப்டினன்ட் பெண்ணாக இருந்தபோதும் சொல்லை மாற்றவில்லை. 2003-இல் தொடங்கிய புதிய பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடர் இன்னும் ஒரு படி போய், பெண் விமானியானாலும் பெண் அட்மிரலானாலும் எல்லாருக்கும் ‘சார்’ என்றே வைத்துவிட்டது. இதற்கு நடுவில், 1995-இல் வந்த ஸ்டார் ட்ரெக் வாயேஜர் தொடரின் பெண் கேப்டன் ஜேன்வே வேறு கட்சி. படை வழக்கம் என்னவாக இருந்தாலும் தனக்கு ‘சார்’ பிடிக்காது, நெருக்கடியில் ‘மேம்’ பரவாயில்லை, ‘கேப்டன்’ என்றால் நல்லது என்று முதல் கதையிலேயே ஓர் இளம் அதிகாரியிடம் சொல்லிவிடுவார். அந்த வசனத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரு பெண் அதிகாரியை ‘மேடம்’ என்றோ ‘மேம்’ என்றோ அழைத்துவிட்டுப் போகலாமே, கதாசிரியர்கள் ஏன் இப்படித் தவிக்கிறார்கள்? சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

‘சார்’ என்று நாம் சொல்லும் ஆங்கிலச் சொல் ‘சயர்’ என்பதிலிருந்து தேய்ந்தது. அது பழைய பிரெஞ்சுச் சொல். அதற்கும் மூலம் லத்தீன் ‘செனியோர்’. பொருள் ‘மூத்தவர்’, அவ்வளவுதான். இன்றைக்கும் அலுவலகத்தில் ‘அவர் எனக்கு சீனியர்’ என்கிறோமே, அதே சொல்தான். லத்தீன் இலக்கணப்படி ‘செனியோர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். ஆக, இன்று முழு ஆண்சொல்லாக நிற்கும் ‘சார்’, பிறந்தபோது நம் ‘பெரியவர்’ மாதிரி இருபாலுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. நைட் பட்டம் பெற்றவர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பிறகு அது ஆண்களின் சொத்தாகிவிட்டது.

‘மேடம்’ கதை வேறு. பிரெஞ்சில் ‘மா தாம்’ என்றால் ‘என் தலைவி’. லத்தீனில் ‘தோமினா’. அதன் அடியில் இருப்பது ‘தோமுஸ்’, அதாவது வீடு. தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் வேண்டுமென்றால், ‘வீட்டுக்காரம்மா’! அதைச் சுருக்கினால் ‘மேம்’. இதே ‘தோமினா’ போர்த்துக்கீசில் ‘தோனா’ ஆகி, கப்பலேறி இலங்கைக்கு வந்து சிங்களத்தில் ‘நோனா’ ஆனது. இலங்கைத் தமிழர் ‘சார்’ என்பதைச் ‘சேர்’ என்று எழுதுவார்கள். ஆண் அதிகாரியைச் சிங்கள வழக்கில் ‘மாத்தயா’ என்பதும் அவர்கள் பேச்சில் உண்டு. கொழும்பின் நோனாவும் சென்னையின் மேடமும் ஒரே வீட்டில் பிறந்த சகோதரிகள் என்பது எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

பூர்வீகம் என்னவோ ஆகட்டும். உண்மையான சிக்கல் பின்னால் வந்தது. உயர்ந்த பதவிகளுக்கான பெண்பால் சொற்களையெல்லாம் அதிகாரிகளின் மனைவிமார் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘மேம்சாஹிப்’ என்ற சொல்லைப் பாருங்கள். அரபியில் ‘சாஹிப்’ என்றால் தோழன். இந்தியாவுக்கு வந்ததும் அது ‘துரை’ ஆயிற்று. அதற்கு முன்னால் ஆங்கில ‘மேம்’ சேர்ந்து ‘மேம்சாஹிப்’ ஆனபோது, அதற்கு ‘துரையின் மனைவி’ என்றுதான் பொருள். நம்மூர் ‘துரைசானி’யும் அப்படியே. துரை ஆள்வார், துரைசானி துரையைக் கட்டிக்கொண்டவர். பிரெஞ்சில் ‘ஜெனரால்’ என்பதன் பெண்பால் வடிவம் நெடுங்காலம் ஜெனரலின் மனைவியைத்தான் குறித்தது. ஜெர்மனியில் ‘ஃப்ராவ் டாக்டர்’ என்றால் மருத்துவரின் மனைவி என்று கொண்ட காலம் உண்டு. ரொம்ப தூரம் போவானேன், நம் ‘டாக்டரம்மா’வும் ‘இன்ஸ்பெக்டரம்மா’வும்கூட ஒரு காலத்தில் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெளிவில்லாமல் இருந்தவைதான்.

இந்த இடத்தில்தான் புனைகதைக்காரர்கள் ‘சார்’ பக்கம் போனார்கள் என்று நினைக்கிறேன். மனைவி வாடை அடிக்காத சொல் அது ஒன்றுதான். எதிர்காலத்தில் ஆண், பெண் பேதம் இருக்காது என்று காட்ட ஆசைப்பட்டு, எல்லாரையும் ஆண்சொல்லால் அழைத்தார்கள். சமத்துவம்தான், ஆனால் சலுகை முழுக்க ஒரு பக்கத்துக்கு. ஆண் கேப்டனை ‘மேம்’ என்று அழைக்கும் எதிர்காலத்தை எழுதிப் பார்த்தால் தெரியும், தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று.

இந்தக் கற்பனைக்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு நிஜ உதாரணம் இருப்பது வேடிக்கை. தென்கேரளத்தில் பெண் ஆசிரியரையும் பெண் அதிகாரியையும் ‘சார்’ என்று அழைப்பது சகஜம். எந்த விண்வெளிக் கப்பலும் வேண்டாம், திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினால் போதும். அதே கேரளத்தில் 2021-இல் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி ‘சார்’, ‘மேடம்’ இரண்டுமே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது இன்னொரு வேடிக்கை.

சரி, நிஜப் படைகளில் என்ன நடக்கிறது? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆண் அதிகாரி ‘சார்’, பெண் அதிகாரி ‘மேம்’. இதற்கும் அங்கே கேள்வி வந்தாயிற்று. அமெரிக்க மரைன் படை கேட்டுக்கொண்டதன்பேரில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2022-இல் தந்த அறிக்கை, பயிற்சி முகாம்களில் பயிற்றுநர்களைப் பாலினம் காட்டும் சொற்களால் அழைப்பதை விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தது. பிரான்சில் தரைப்படையில் ஆண் அதிகாரியை ‘மோன் கபித்தேன்’ என்பார்கள், சொல்லுக்குச் சொல் ‘என் கேப்டன்’. பெண் அதிகாரிக்கு அந்த ‘மோன்’ கிடையாது, வெறும் ‘கபித்தேன்’. பிரெஞ்சுக் கடற்படையில் ஆணுக்கும் ‘மோன்’ இல்லை. டிரஃபால்கர் கடற்போரில் தோற்றதற்கு நெப்போலியன் கொடுத்த தண்டனை அது என்று ஒரு கதை சொல்வார்கள், கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மன் படையில் கேப்டன் பதவிக்கு ‘ஹாப்ட்மான்’ என்று பெயர். ‘மான்’ என்றால் ஆண். பெண் அந்தப் பதவிக்கு வந்தாலும் சொல்லை மாற்றாமல் முன்னால் ‘ஃப்ராவ்’ சேர்த்து ‘ஃப்ராவ் ஹாப்ட்மான்’ என்கிறார்கள். ‘திருமதி தலையாண்’ என்பது போல.

இந்தியத் தரைப்படையில் மருத்துவம், செவிலியம் அல்லாத பிரிவுகளுக்குப் பெண்களை அதிகாரிகளாக எடுப்பது 1992-இல் தொடங்கியது. அந்த முதல் அணி பயிற்சி பெற்றது சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில். அவர்களுக்கு ‘மேம்’ என்ற விளி நிலைத்தது. ‘மேம்சாப்’ என்பது அதிகாரிகளின் மனைவியருக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஆனால் இன்னொரு சொல் காத்திருந்தது. சுபேதார் போன்ற இளநிலை ஆணையதிகாரிகளை மேலதிகாரிகளும் மரியாதையாகச் ‘சாஹிப்’ என்றுதான் அழைப்பார்கள். 2024 ஜனவரியில் துப்பாக்கி சுடும் வீராங்கனை பிரீத்தி ரஜக் சுபேதார் ஆனார், தரைப்படையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ‘சாஹிபா’ என்று பெண்பால் வடிவம் உருதுவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ‘சுபேதார் சாஹிப்’ என்று பழகிய நாக்கு அவ்வளவு எளிதில் வளைந்துவிடுமா என்ன?

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒருவரைப் பற்றிப் பேசும்போது தமிழுக்குப் பிரச்சினையே இல்லை. ‘தலைவர் வந்தார்’ என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. 2007-இல் பிரதிபா பாட்டீல் பதவிக்கு வந்தபோது இந்திக்காரர்கள் ‘ராஷ்டிரபதி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு விவாதித்தார்கள், ‘பதி’ என்றால் கணவன் என்றும் பொருள் ஆயிற்றே. நாம் ‘குடியரசுத் தலைவர்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தோம். அதே ‘பதி’தான் ‘தளபதி’யிலும் இருக்கிறது, தமிழ்க் காதுக்கு அது உறுத்துவதில்லை. (தமிழ்நாட்டில் ‘தளபதி’ என்றாலும் ‘கேப்டன்’ என்றாலும் முதலில் நினைவுக்கு வரும் முகங்கள் வேறு என்பது தனிச் சிக்கல்.)

நேருக்கு நேர் அழைக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். நம் காவல் நிலையங்களில் இந்த இரண்டும் ‘சார்’, ‘மேடம்’ கூடவே புழங்குகின்றன. ‘அம்மா’வில் மரியாதை உண்டு, சந்தேகமில்லை. ஆனாலும் மேலதிகாரியைத் தாயாக்கித்தான் அந்த மரியாதையைத் தருகிறோம்.

‘ஐயா’வின் வேர் ‘ஐ’. வடமொழி ‘ஆர்ய’ பிராகிருதம் வழியாக ‘அய்ய’ ஆனது என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும் தமிழில் ‘ஐ’ என்ற ஓரெழுத்துச் சொல் தலைவனைக் குறித்துத் தனியாகவே வாழ்ந்திருக்கிறது. அதற்குச் சான்று ஒரு போர்வீரனின் வாயிலிருந்தே கிடைக்கிறது. குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் முதல் குறள்:

என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை
முன்நின்று கல்நின் றவர்.

‘என்னை’ என்றால் இங்கே ‘என் + ஐ’, என் தலைவன். பகைவர்களே, என் தலைவன் முன்னால் வந்து நிற்காதீர்கள், அப்படி நின்ற பலர் இப்போது நடுகல்லாக நிற்கிறார்கள் என்கிறான். பிரெஞ்சுச் சிப்பாயின் ‘மோன் கபித்தேன்’ அப்படியே இருக்கிறது பாருங்கள். ‘ஐ’ என்ற சொல்லில் ‘அன்’ என்ற ஆண்பால் விகுதி இல்லை. ஆனால் புலவர்கள் அதைப் பெரும்பாலும் ஆணுக்கே ஆண்டார்கள். பெண்ணுக்கு ‘ஐயை’ என்றொரு சொல் இருந்தது. சிலப்பதிகாரத்தில் எயினர் என்ற வில்வீரர்கள் வழிபடும் கொற்றவையின் கோயில் ‘ஐயை கோட்டம்’. ‘மேடம்’ வீட்டிலிருந்து வந்த சொல் என்றால், ‘ஐயை’ போர்க்களத்துப் பெண் தெய்வத்தின் பெயர். பெண் படைத்தலைவருக்கு இதைவிடப் பொருத்தமான விளி கிடைக்காது. சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இன்றைய ராணுவக் கதையில் ‘ஆமாம் ஐயையே’ என்று போட்டால் மட்டும் ‘ஐயையோ’ என்று கேட்டுவிடும்.

அந்தக் குறளிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ‘தெவ்விர்’ என்பது ‘தெவ்வர்’ என்பதன் விளி. ‘அர்’ என்று முடியும் பெயர் விளியில் ‘ஈர்’ கொள்ளும் என்பது தொல்காப்பியத்தின் விளிமரபில் வரும் விதி. கூத்தர் என்பவர் கூத்தீர் ஆவார். ஆணும் பெண்ணும் அதில் அடங்கும். அந்தக் கணக்கில் ‘படைத்தலைவீர்’ என்று யாரையும் அழைக்கலாம். இலக்கணம் சுத்தம், ஆனால் நாடகக் கொட்டகை வாடை போகாது.

அப்புறம் பேச்சுத் தமிழில் ஓர் ஒட்டு இருக்கிறது: ‘ங்க’. ‘ஆமாங்க’, ‘சரிங்க’, ‘இல்லீங்க’. கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் விழும். ஆங்கிலத்தில் ‘யெஸ் சார்’, ‘யெஸ் மேம்’ என்று இரண்டாகப் பிரியும் இடத்தில் ‘சரிங்க’ ஒன்றே போதும். கேட்பவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. பல வசனங்களில் ‘சார்’ என்பதற்குச் சரியான தமிழ் தனிச்சொல் அல்ல, இந்த ஒட்டுதான் என்பது என் கட்சி. அணிவகுப்பு மைதானத்தில் ‘சரிங்க’ என்று குழைய முடியாது, உண்மை. அங்கே ‘உத்தரவு!’ என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. விறைப்பும் பணிவும் சேர்ந்தது, பால் காட்டாதது. ராஜா ராணி நாடகங்களில் அடித்துத் துவைத்துவிட்டோம் என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பிழையில்லாத வழி, பதவியைச் சொல்லி அழைப்பது. இதைத் தமிழர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1943-இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணி படைப்பிரிவு உருவானபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையிலிருந்து போன மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அவர் படையில் இருந்தார்கள். போர் முடிந்து, திருமணமாகி லட்சுமி சேகல் ஆகி, கான்பூரில் பல்லாண்டு மருத்துவம் பார்த்து, 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 2012-இல் மறையும் வரை அவர் நமக்குக் ‘கேப்டன் லட்சுமி’தான். ‘மேடம்’ என்ற சொல் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கவே இல்லை.

ஜேன்வேயின் வசனத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? ‘நெருக்கடியான நேரத்தில்’ என்றெல்லாம் நீட்டாமல் நான் இப்படித்தான் வைப்பேன்: “இந்த ‘ஐயா’ எனக்கு ஆகாது. ‘அம்மா’வா, ஆபத்துக்குப் பாவமில்லை. மற்ற நேரத்தில் ‘கேப்டன்’ என்றே கூப்பிடுங்கள்.” பதிலுக்கு அந்த இளம் அதிகாரி, “சரிங்க கேப்டன்.”