ஸ்பானிஷில் '-ரீயா': அட்டவணை எளிது, இடம் தெரிவதுதான் கடினம்

ஸ்பானிஷ் வகுப்பில் கொண்டிசியோனல், அதாவது 'இப்படி இருந்தால் இதைச் செய்வேன்' என்று சொல்ல உதவும் '-ரீயா' வினைவடிவப் பாடத்துக்கு வந்ததும் மாணவர்கள் முகத்தில் நிம்மதி தெரியும். ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று வகை வினைகளுக்கும் ஒரே விகுதிகள்தான்: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயமோஸ், ஈயாயிஸ், ஈயான். வினையை வெட்டாமல் முழுதாக வைத்துப் பின்னால் ஒட்டினால் போதும். 'ஆப்லார்' (பேசுதல்) 'ஆப்லரீயா' ஆகும், 'கொமேர்' (சாப்பிடுதல்) 'கொமெரீயா' ஆகும், 'பிபீர்' (வாழ்தல்) 'பிபிரீயா' ஆகும். நிகழ்காலத்தில் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும் 'செர்' (இருத்தல்), 'ஈர்' (போதல்) கூட இங்கே ஒழுங்காக 'செரீயா', 'இரீயா' என்று வரும். முரண்டு பிடிப்பவை 'தெனேர்' (வைத்திருத்தல்), 'போதேர்' (முடிதல்), 'அசேர்' (செய்தல்) மாதிரி ஏறக்குறைய ஒரு டஜன். அவற்றிலும் அடிச்சொல்தான் மாறும், விகுதி மாறாது.

ஒரே மாலையில் மனப்பாடம் ஆகிவிடுவதால் பலரும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. தமிழ் பேசுகிறவர்கள் இடறுவது அட்டவணைக்கு வெளியே.

நம் '-வேன்' விகுதியைப் பாருங்கள். 'நாளைக்கு விளையாடுவேன்' என்கிறோம். 'சின்ன வயதில் தினமும் தெருவில் விளையாடுவேன்' என்றும் சொல்கிறோம். வரப்போவதற்கும் பழைய பழக்கத்துக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தின் 'வுட்' கூடப் பழைய பழக்கத்தைச் சொல்லும் என்பதால், ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. ஸ்பானிஷில் பழைய பழக்கத்துக்கு உரியது இம்பெர்ஃபெக்தோ என்ற வேறொரு இறந்தகால வடிவம்: 'ஹுகாபா' (அப்போதெல்லாம் விளையாடுவேன்). அந்த இடத்தில் 'ஹுகரீயா' என்றால், 'வாய்ப்பு இருந்தால் விளையாடுவேன்' என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஏர், ஈர் வினைகளில் காதும் ஏமாறும். 'கொமீயா' என்றால் வழக்கமாகச் சாப்பிட்டது, 'கொமெரீயா' என்றால் சாப்பிடக்கூடும் என்பது. நடுவில் இருக்கும் 'எர்' மட்டுமே வித்தியாசம். வேகமான பேச்சில் அது காதில் எளிதில் தவறிப்போகும். அதனால் இந்த ஜோடிகளைச் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்வேன். 'பிபீயா, பிபிரீயா' என்று வாய் பிரித்துச் சொல்லும்வரை எழுதிப் பார்த்துப் பயனில்லை.

அப்புறம் 'சி', அதாவது நம் '-ஆல்'. 'பணம் இருந்தால் ஊர் சுற்றுவேன்' என்ற ஒரே வாக்கியத்தை நாம் கைக்கு வரக்கூடிய பணத்துக்கும் சொல்வோம், வெறும் கனவுப் பணத்துக்கும் சொல்வோம். ஸ்பானிஷ் இரண்டையும் பிரிக்கும். வரக்கூடியது என்றால் 'சி தெங்கோ தினேரோ, பியஹாரே'. கனவு என்றால் 'சி துபியேரா தினேரோ, பியஹரீயா'. '-ரீயா' விளைவின் பக்கம் மட்டுமே வரும், நிபந்தனையின் பக்கம் வராது. நிபந்தனைப் பக்கத்திலும் '-ரீயா' வைத்து 'சி தெந்த்ரீயா' (இருந்தால்) என்று ஸ்பெயினின் வடபகுதியில், பாஸ்க் நாட்டிலும் நவார்ராவிலும், ஸ்பானிஷையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசுவதுண்டு. அதைக் கேட்டுவிட்டுச் சரி என்று நினைக்க வேண்டாம். தேர்வில் அது பிழைதான்.

மரியாதைக்கு இந்த வடிவம் மிக உதவும். 'அயூதேமே' (எனக்கு உதவுங்கள்) என்றால் உத்தரவு மாதிரி விழும். 'மே அயுதரீயா?' என்று கேட்டால் 'கொஞ்சம் உதவ முடியுமா?' என்ற பணிவு தானாக வந்துவிடும். 'அவர் வருவதாகச் சொன்னார்' என்பதற்கும் இதுதான்: 'திஹோ கே யெகரீயா'. கடந்துபோன நேரத்தை ஊகிக்கவும் இதுவே: 'செரீயான் லாஸ் தியேஸ்' என்றால் 'அப்போது மணி பத்து இருக்கும்'.

லத்தீன் அமெரிக்கச் செய்தித்தாள்களைப் படித்துப் பழகுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'எல் மினிஸ்த்ரோ ரெனுன்சியரீயா' என்று தலைப்பு வந்தால், நிபந்தனை எங்கே என்று தேடாதீர்கள். அமைச்சர் பதவி விலகப்போவதாகப் பேச்சு, இன்னும் உறுதியாகவில்லை என்பதுதான் பொருள். ஸ்பானிஷ் மொழிக்கான ராயல் அகாதமி இந்தப் பயன்பாட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. படிக்கும்போது புரிந்துகொள்ளுங்கள், உங்கள் கட்டுரையில் எழுத வேண்டாம்.